சீருடை விசா ஆகாது

“பையன் அமெரிக்க ஆர்மியில இருக்கான். தாலி கட்டுன கையோட பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவான். வீடு கவர்மென்ட்டே குடுத்துரும். சிட்டிசன்ஷிப்பும் மத்தவங்க மாதிரி இழுக்காது.” வரன் பேசும் வீடுகளில் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். தரகர் சொல்கிறார், பெண்ணின் சித்தப்பா சொல்கிறார், பல நேரம் மாப்பிள்ளையே சொல்கிறார். யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். அதனாலேயே யாரும் இதை நின்று விசாரிப்பதும் இல்லை. விசாரிக்காமல் போனதன் விலையைப் பெண்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சிப்பாயை மணந்த வெளிநாட்டவருக்கு வீடும் விசாவும் குடியுரிமையும் சீருடையின் பின்னாலேயே வந்து சேரும் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. அமெரிக்கத் தளங்கள் இருக்கிற தென் கொரியாவிலும் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இது உண்டு. அமெரிக்காவிலேயே, படையோடு தொடர்பில்லாத மக்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவனுடைய மனைவியையா வாசலில் நிறுத்திவைப்பார்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நிறுத்திவைக்கத்தான் செய்கிறார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிறுத்திவைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945 டிசம்பர் 28 அன்று, அமெரிக்கா ‘போர் மணப்பெண்கள் சட்டம்’ கொண்டுவந்தது. வெளிநாட்டில் பணியாற்றிய சிப்பாய்களின் மனைவிகளும் குழந்தைகளும் குடியேற்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் சேராமல் நாட்டுக்குள் வரலாம் என்றது. 1946 பிப்ரவரி 4 அன்று ‘அர்ஜென்டினா’ என்ற கப்பல் 452 பிரிட்டிஷ் மணப்பெண்களோடு நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது எடுத்த படங்கள் உலகமெங்கும் போயின. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். படங்கள் நினைவில் தங்கிவிட்டன. சட்டம் மூன்றே ஆண்டுகளுக்குத்தான் என்பதும், 1948 டிசம்பரில் அது காலாவதியானது என்பதும் தங்கவில்லை. அந்தச் சட்டம் எல்லா மனைவிகளுக்கும் பொருந்தியதும் இல்லை. குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தவர் என்று அன்றைய சட்டம் ஒதுக்கிவைத்தவர்களை அது உள்ளே விடவில்லை. இந்தியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். போர்க்காலத்தில் கல்கத்தாவிலும் அஸ்ஸாமிலும் ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அங்கே ஓர் இந்தியப் பெண்ணை மணந்திருந்தால், 1946 ஜூலையில் லூஸ்–செல்லர் சட்டம் வரும்வரை அவளை மனைவி என்று சொல்லி அழைத்துப்போக வழியில்லை. அந்தச் சட்டமும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான் கொடுத்தது. ஜப்பானியப் பெண்களை மணந்தவர்கள், அவ்வப்போது கொஞ்ச நாளுக்குத் திறந்து மூடிய சன்னல்கள் நீங்கலாக, இனத்தடை நீங்கும் 1952 வரை காத்திருந்தார்கள்.

இரண்டாவது வேர் புதியது, நமக்கு நெருக்கமானது. 2009இல் அமெரிக்கப் படை ‘மாவ்னி’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் ஆள்சேர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ சட்டப்படி அங்கே இருந்தவர்கள், மருத்துவத் திறன் இருந்தாலோ படைக்குத் தேவையான மொழி ஒன்று தெரிந்திருந்தாலோ சேரலாம் என்றது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் ஆள்சேர்ப்பு நிற்கும்வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், அவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் குடியுரிமை மாதக் கணக்கில் கிடைத்தது. பலர் அடிப்படைப் பயிற்சி முடிந்த கையோடு சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். வேலை விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கும்போது, இவர்கள் சில மாதங்களில் அமெரிக்கராகி ஊருக்கு வந்து நின்றார்கள். பார்த்தவர்கள் கணக்குப் போட்டார்கள்: இவனுக்கே இவ்வளவு சீக்கிரம் என்றால், இவன் பெண்டாட்டிக்கு எவ்வளவு நேரமாகும்?

கணக்கு இங்கேதான் தப்புகிறது. அவனுக்குக் கிடைத்தது அவன் செய்த சேவைக்காக. சேவை செய்யாத ஒருவருக்கு அந்த விதி பொருந்தாது. அவளுக்கு இருப்பது எந்த அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கும் இருக்கிற அதே பாதை: கணவன் ஐ-130 மனு போடவேண்டும், குடியேற்றத் துறை அதை ஏற்கவேண்டும், கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் தேசிய விசா மையத்துக்குப் போகவேண்டும், ஆவணங்களும் ஐ-864 ஆதரவுப் பத்திரமும் சேரவேண்டும், மருத்துவப் பரிசோதனை, பிறகு நேர்காணல். நம் பெண்களுக்கு அந்த நேர்காணல் பெரும்பாலும் மும்பையில், சென்னையில் அல்ல. ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம்.

இதில் பெரிய குழப்பம் எதுவென்றால், அமெரிக்க அரசு இந்தத் திருமணத்தை இரண்டு கண்ணால் பார்க்கிறது என்பதுதான். ராணுவத்தின் கண்ணில் அவள் திருமணம் நடந்த நாளிலிருந்து மனைவி. சிப்பாய் திருமணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ‘டீயர்ஸ்’ என்ற படைக்குடும்பப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறும். வீட்டு வாடகைப்படி, அங்கே பி.ஏ.எச். என்பார்கள், குடும்பம் உள்ளவருக்கான விகிதத்துக்கு மாறும், அதுவும் திருமணத் தேதியிலிருந்தே கணக்காகும். குடியேற்றத் துறையின் கண்ணிலோ அதே சான்றிதழ் வெறும் உரிமைகோரல், இனிமேல்தான் நிரூபிக்கப்படவேண்டும். ஒரே அரசின் ஓர் அலுவலகம் அவளைக் குடும்பம் என்று சொல்லிச் சம்பளத்தில் பணம் சேர்க்கிறது. இன்னொரு அலுவலகம் அவளை இன்னும் யாரென்றே முடிவு செய்யவில்லை. முதல் அலுவலகத்தின் வேகத்தைப் பார்த்து இரண்டாவதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வதே நான் எதிர்க்கிற நம்பிக்கை.

வீட்டு விஷயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் முதல் அடி விழுவது அங்கேதான். டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் தளத்தில் இருக்கும் ஓர் இளம் சிப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் அவன் இருப்பது பாரக்ஸில், வாடகை இல்லை. திருநெல்வேலியில் கல்யாணம் முடித்துத் திரும்புகிறான். பி.ஏ.எச். வரத் தொடங்குகிறது. அந்தப் பணத்தைப் பார்த்ததும், மனைவி இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில், பக்கத்துக் கில்லீன் நகரத்தில் இரண்டு படுக்கையறை வீடொன்றுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறான். தளத்துக்குள் குடும்ப வீடு கேட்கலாமே என்றால், அது குடும்பத்தோடு வசிப்பவருக்கு. இன்று அமெரிக்காவுக்குள் இருக்கும் படைக்குடும்ப வீடுகள் கிட்டத்தட்ட எல்லாமே தனியார் நிறுவனங்களின் நிர்வாகத்தில் இருக்கின்றன. 1996இல் வந்த சட்டம் அதற்கு வழி செய்தது. அந்த வீட்டுக்குப் பெரும்பாலும் பி.ஏ.எச். அப்படியே வாடகையாகப் போய்விடும். ‘கவர்மென்ட் வீடு கொடுக்கும்’ என்று சித்தப்பா சொன்னது இதைத்தான். கொடுப்பது ஓர் ஒப்பந்தமும் வாடகையும். அதற்கும் குடும்பம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்லவேண்டும், அவனால் சொல்ல முடியாது.

வெளியே எடுத்த வீட்டில் அவன் தனியாக இருக்கிறான். இரண்டு பேருக்கான வாடகை, மின்சாரம், தளத்துக்குப் போய்வரக் கார், அதற்கு இன்சூரன்ஸ். இங்கே அவள் மாமியார் வீட்டில். பெரும்பாலான இடங்களில் ‘எப்படியும் போகப்போறா’ என்று வேலையை விடச் சொல்லியிருப்பார்கள். கல்யாணமான வருடத்தில் அவளுடைய சம்பளம் நின்றுபோகிறது, அவனுடைய சம்பளம் யாருமில்லாத அறைக்குப் போகிறது. இந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். குடும்ப விகிதத்தில் வரும் அந்தப் படி அவளை முன்னிட்டு வருவது. மனைவிக்குப் பணஆதரவு தரவேண்டும் என்று அமெரிக்கத் தரைப்படையின் விதியே சிப்பாயைக் கட்டாயப்படுத்துகிறது. அவள் விசா வரும்வரை அவன் எதுவும் அனுப்பவேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் அது தவறு.

இடமாற்றம் வந்தால் கதை இன்னும் சிக்கலாகும். அமெரிக்கச் சிப்பாய்க்கு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை நிரந்தர இடமாற்ற ஆணை வரும், பி.சி.எஸ். என்பார்கள். அந்த ஆணை நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன் திருமணம் நடந்திருக்கிறதா, பின் நடந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே மனைவியின் பயணச் செலவுக்கு உரிமை உண்டா இல்லையா என்பது முடிவாகிறது. பின்னால் நடந்த திருமணம் அந்த ஆணையின் கணக்கில் சேராது. நாம் முகூர்த்தம் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறிக்கிறோம். இந்தத் தேதியை ஒருவரும் பார்ப்பதில்லை.

அவன் கொரியாவிலோ ஜப்பானிலோ ஜெர்மனியிலோ இருந்து கல்யாணம் செய்தால் இன்னொரு சொல் குறுக்கே வரும்: கமாண்ட் ஸ்பான்சர்ஷிப். வெளிநாட்டுத் தளத்தில் மனைவி குடும்பமாகக் கணக்கில் ஏறவேண்டுமானால், அவளைத் தன் பொறுப்பில் ஏற்பதாகப் படைத்தலைமை ஒப்புதல் தரவேண்டும். அதற்குச் சிப்பாய்க்கு அந்த நாட்டில் குறைந்தது 12 மாதப் பணிக்காலம் மிச்சம் இருக்கவேண்டும், அல்லது அவன் பணிக்காலத்தை நீட்டிக்கவேண்டும். கொரியாவுக்கு ஓராண்டுத் தனிப் பணிக்காகப் போன ஒருவன் அங்கேயே ஆறாவது மாதத்தில் மணந்தால், நீட்டிக்காதவரை அவளுக்குத் தளத்தில் குடும்ப வீடு கிடையாது, குடும்பத்துக்கான படிகள் பல கிடையாது. 1950இல் கொரியப் போர் தொடங்கியதிலிருந்து சுமார் ஒரு லட்சம் கொரியப் பெண்கள் சிப்பாய்களின் மனைவியராக அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார்கள். அத்தனை பேர் போன பாதைதானே, தேய்ந்து சீராகியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இன்றும் ஒவ்வொரு பெண்ணும் அதை முதலிலிருந்து நடக்கவேண்டியிருக்கிறது.

காகித விஷயத்தில் தமிழ்ப் பெண்ணுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. நம் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கே. முத்துச்செல்வி’. ஆதாரில் ‘முத்துச்செல்வி கே’. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, ‘முத்துச்செல்வி’ மட்டும். திருமணப் பதிவுச் சான்றில் பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் ‘முத்து செல்வி’ என்று பிரித்துவிட்டார். பிறப்புச் சான்றை எடுத்தால் அதில் பெயரே இல்லை, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறது, ஏனென்றால் பெயர் வைப்பதற்கு முன் பதிந்தது, பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டைப் பார்த்தால் அமெரிக்க விசா அந்தப் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டு, முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்தை அச்சடிக்கும். இதற்கிடையில் கணவன் தன் கையில் இருந்த திருமணச் சான்றை வைத்து டீயர்ஸில் ஒரு பெயரைப் பதிந்திருப்பான். அவள் அங்கே போய்ச் சேர்ந்ததும் படைக்குடும்ப அடையாள அட்டையில் ஒரு பெயர், கிரீன் கார்டில் ஒரு பெயர், சமூகப் பாதுகாப்பு எண் அட்டையில் ஒரு பெயர் என்று நிற்பாள். ‘டிரைகேர்’ மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்து மருத்துவமனைக்குப் போனால், கேட்கிற முதல் கேள்வியே இவற்றில் எது நீ என்பதாக இருக்கும். இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே, ஊரிலேயே, நகராட்சியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் சரிசெய்யக்கூடியவை. சீருடை பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதால் யாரும் செய்வதில்லை.

‘சரி, டூரிஸ்ட் விசாவில் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாமே’ என்று ஒரு யோசனையை எவராவது சொல்வார்கள். இது ஆபத்தான யோசனை. அமெரிக்கக் கணவன் இருக்கிற பெண் சுற்றுலா விசா கேட்டால், இவள் தங்கிவிடுவாள் என்று நினைப்பதற்குத் தூதரக அதிகாரிக்குச் சட்டமே இடம் தருகிறது, பெரும்பாலும் மறுப்பார். எப்படியோ கிடைத்து, தங்கும் எண்ணத்தை மறைத்து உள்ளே போனதாகத் தெரிந்தால், அது தவறான தகவல் தந்த குற்றமாகி வாழ்நாள் தடையில் முடியலாம். கணவன் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் அந்தத் தடை தானாக விலகாது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவர் கதையும் பொது ஆவணங்களில் இருக்கிறது.

எலன் நாஃப் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போனவர், போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர், பிறகு ஜெர்மனியில் அமெரிக்கப் போர்த்துறைக்கே வேலை செய்தவர். 1948 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில், அங்கிருந்த படைத்தளபதியின் அனுமதியோடு, அமெரிக்கப் படையில் பணிமுடித்த கர்ட் நாஃபை மணந்தார். போர் மணப்பெண்கள் சட்டம் அமலில் இருந்த காலம். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் இறங்கினார். எல்லிஸ் தீவில் தடுத்துவைத்தார்கள். வெளியிட முடியாத ரகசியத் தகவல் இருக்கிறது என்றார்கள். விசாரணை இல்லை, என்ன தகவல் என்று சொல்லவும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1950 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: உள்ளே வர விரும்பும் வெளிநாட்டவருக்கு நாடாளுமன்றம் என்ன நடைமுறை தருகிறதோ அதுதான் அவருக்குரிய நியாயம். பத்திரிகைகளும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் போராடியதால் பிறகு விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1951 நவம்பரில் உள்ளே விட்டார்கள். தளபதி ஒப்புதல் தந்த திருமணம் அது. அந்தத் தீர்ப்பை இன்றும் குடியேற்ற வழக்குகளில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இரண்டாமவர் ஹோட்டாரு, ஒகினாவாக்காரர். மரைன் படைச் சார்ஜன்ட் மைக்கேல் ஃபெர்ஷ்கியைக் காதலித்தார். அவர் 2008இல் இராக் போனபின் ஹோட்டாரு கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. ஜூலையில் தொலைபேசி வழியாகத் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரு மாதத்தில், ஆகஸ்டில், மைக்கேல் கொல்லப்பட்டார். ராணுவம் அந்தத் திருமணத்தை ஏற்றது, ஹோட்டாருவைப் படைவீரரின் மனைவியாகவே நடத்தியது. குடியேற்றத் துறை ஏற்கவில்லை. மணமக்கள் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணம் என்றால், அதற்குப் பிறகு இருவரும் கூடியிருக்கவேண்டும் என்கிறது 1952இல் எழுதிய விதி. கணவன் போர்க்களத்தில் இறந்துவிட்டான், எப்படிக் கூடுவது? வயிற்றில் இருந்த குழந்தை அந்த விதிக்குப் போதுமான சாட்சியாக இல்லை. மகனை டென்னசியில் கணவனுடைய பெற்றோர் அருகில் வளர்க்க விரும்பிய அந்தத் தாய்க்காக அமெரிக்க நாடாளுமன்றம் 2010 டிசம்பரில் அவர் ஒருவருக்கென்றே ஒரு தனிச்சட்டம் நிறைவேற்றவேண்டியிருந்தது. ஒரு விதவையை உள்ளே விட நாட்டின் சட்டமன்றமே கூடவேண்டும் என்றால், கோப்பு தானாக நகரும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

உள்ளே போனபின்னும் முடிவதில்லை. திருமணமாகி இரண்டாண்டு நிறையுமுன் போய்ச் சேர்ந்தால் கிடைப்பது இரண்டாண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடியும் முன் 90 நாளுக்குள், இருவரும் கையெழுத்திட்டு, திருமணம் உண்மையானது என்று மீண்டும் ஐ-751 மனு போடவேண்டும். அந்த நேரத்தில் கணவன் எந்தக் கண்டத்தில் இருப்பான் என்று சொல்ல முடியாது. வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். இரண்டாண்டுக்கொரு முறை ஊர் மாறும் குடும்பத்துக்கு இதன் கனம் என்னவென்று யோசியுங்கள். முகவரி தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: 2010இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட ஒரு பெண் படைவீரரின் கணவர், மெக்சிகோவில் பிறந்தவர், அரிசோனாவில் வாழ்ந்துகொண்டிருந்தவர், 2019 ஏப்ரலில் நாடுகடத்தப்பட்டார். விசாரணைக்கான அறிவிப்பு தவறான முகவரிக்குப் போய்விட்டது என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். ஊடகங்கள் எழுப்பிய கூச்சலால் சில நாளில் திரும்ப விட்டார்கள். கூச்சல் எழுப்ப ஆளில்லாதவர்களின் கதை நமக்கு வந்து சேர்வதில்லை.

சலுகைகளே இல்லையா என்று கேட்டால், இருக்கின்றன, மறைப்பது நேர்மையில்லை. ஆதரவுப் பத்திரத்தில் மற்றவர் வறுமைக்கோட்டின் 125 சதவீத வருமானம் காட்டவேண்டும், பணியில் இருக்கும் சிப்பாய் மனைவிக்காக 100 சதவீதம் காட்டினால் போதும், பி.ஏ.எச்.சையும் வருமானத்தில் சேர்க்கலாம். வெளிநாட்டுத் தளத்தில் நிரந்தரப் பணியில் இருப்பவர் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்திலேயே ஐ-130 கொடுக்கலாம், அது கணிசமாக விரைவானது. கணவன் வெளிநாட்டுப் பணிக்குப் போகும்போது கூடப்போகும் மனைவி மூன்றாண்டு காத்திருக்காமல் குடியுரிமை கேட்கலாம். 2008இல் வந்த சட்டத்தால் வெளிநாட்டில் அவனோடு வாழும் காலமும் அமெரிக்காவில் வாழ்ந்ததாகக் கணக்காகும். ஆனால் குடியுரிமைச் சலுகைகள் கிரீன் கார்டு கையில் இருப்பவருக்கு. மற்றவை சில மாதத்தைக் குறைக்கும், சில எண்ணைக் குறைக்கும். இவற்றில் எதுவும் தானாக நடக்காது, ஒவ்வொன்றையும் தெரிந்து கேட்கவேண்டும். சட்டப்படி நுழையாத மனைவிகளுக்கு நாட்டிலேயே தங்க அனுமதி தரும் ஏற்பாடும் ஒரு கொடுமையிலிருந்து பிறந்ததுதான். 2007 மே மாதம் இராக்கில் கடத்தப்பட்ட சிப்பாய் அலெக்ஸ் ஹிமெனெஸை அவருடைய படை தேடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அவர் மனைவியை நாடுகடத்தும் வழக்கு நிலுவையில் இருந்தது. நாடே கொதித்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். அந்த வழியை எழுத்துவடிவில் ஒழுங்குபடுத்தியது 2013இல்.

இந்த நம்பிக்கை அப்பாவித்தனமானது, அதனால் யாருக்கும் கேடில்லை என்று இருந்துவிட முடியாது. போலித் திருமணத் தரகர்கள் விற்பது இந்த நம்பிக்கையைத்தான். குடும்பப் படிக்கு ஆசைப்படும் சிப்பாயையும் கிரீன் கார்டுக்கு ஏங்கும் வெளிநாட்டவரையும் சேர்த்துவைத்துக் காசு பார்த்தவர்கள் மீது அமெரிக்காவில் வழக்குகள் நடந்திருக்கின்றன. திருமண மோசடிக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் பிறகு, உண்மையாக மணந்தவர்களின் கோப்பை அதிகாரி இன்னும் சந்தேகத்தோடு புரட்டுகிறார். தளத்துக்குள் அவளைப் பார்த்து ‘பேப்பருக்காக வந்தவள்’ என்று முணுமுணுப்பவரும் இதே நம்பிக்கையிலிருந்துதான் பேசுகிறார்: சீருடையைக் கட்டினால் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பதால்தான், எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டுக் கட்டினாள் என்று அவரால் சொல்ல முடிகிறது.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. ‘என் யூனிஃபார்ம்தான் உன் விசா’ என்று நம்பவைக்கப்பட்ட பெண், அடித்தாலும் வாய்திறக்கமாட்டாள். தான் அங்கே நிற்பதே அவன் தயவு என்று நினைப்பாள். 1994 முதல், கொடுமைக்குள்ளாகும் மனைவி கணவனின் கையெழுத்து இல்லாமலே தன் பெயரில் குடியேற்ற மனு போடலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. குடும்ப வன்முறைக்காகப் படையிலிருந்து நீக்கப்படும் சிப்பாயின் மனைவி பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுவரை மாதப் பணம் தரும் ஏற்பாடும் உண்டு. அவளிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்லமாட்டார்கள். நம்மவர்களும் ‘எல்லாம் அவன் பார்த்துக்குவான்’ என்று அனுப்பிவிட்டோம்.

அமெரிக்க அரசு செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. திருமணத்தைச் சரிபார்த்து டீயர்ஸில் ஏற்றிய அதே நாளில், அந்தத் தகவல் குடியேற்றத் துறைக்கும் போகட்டும், மனு அங்கிருந்தே தொடங்கட்டும். சம்பளம் கொடுக்கப் போதுமான ஆதாரம், நேர்காணலுக்கு அழைக்கவும் போதுமானதாக இருக்கவேண்டும். படையின் வீட்டு அலுவலகம், விசா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்காமல் இளம் சிப்பாயை ஓராண்டு ஒப்பந்தத்துக்குள் போகவிடக்கூடாது. மோசடியைத் தடுக்கச் சோதனை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே சோதனையை ஒரே அரசு இரண்டு முறை, ஒன்றுக்கொன்று தெரியாமல், செய்வதால் எந்த மோசடியும் தடைபடவில்லை.

நம் பக்கத்தில் செய்யவேண்டியது அதைவிட எளிது. ஜாதகம் கேட்கிற நாம், மாப்பிள்ளையிடம் இதையும் கேட்கலாம். குடிமகனா, கிரீன் கார்டா? கிரீன் கார்டுதான் என்றால் மனைவியின் வரிசையே வேறு, அவன் குடியுரிமை வாங்கும்வரை பொறுக்கலாமா? இடமாற்ற ஆணை வந்திருக்கிறதா, எந்தத் தேதியில்? ஐ-130 எப்போது போடுவான், யார் உதவியோடு? அவள் வரும்வரை மாதம் எவ்வளவு அனுப்புவான்? வீடு எடுத்துவிட்டானா, எடுத்திருந்தால், இடமாற்ற ஆணை வரும்போது ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை இருப்பது அவனுக்குத் தெரியுமா? பெண் வீட்டில் அதே வாரம் பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்கவும், பாஸ்போர்ட்டில் இரண்டு பெயர்க் கட்டமும் நிரம்பவும், திருமணப் பதிவில் அதே எழுத்துகள் வரவும் பார்த்துக்கொள்ளட்டும். விசா கையில் வரும்வரை அவள் வேலையை விடவேண்டாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாத பையன் கெட்டவன் ஆகிவிடமாட்டான், அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அவனுடைய தளத்தில் சட்ட உதவி அலுவலகம் இருக்கும், சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை இலவசம். முதலில் அங்கே போய்விட்டு வரச் சொல்லுங்கள், பிறகு மண்டபம் பிடிக்கலாம்.